ஆய்வுக்கூடத்திலிருந்து அங்காடி வரை
(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் முதலில் நமக்கு அளித்த தலைப்பு “கல்வியின் சிறப்பு” என்பதாகும். அத்தலைப்பில் இம்மேடையில் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறையேனும் யாரோ ஒருவர் பேசியிருக்கின்றனர். நாமே மூன்று முறை பேசியிருக்கிறோம். கல்வி சிறந்தது என்பதில் நம் மக்களுக்கு இனி ஐயமில்லை. கற்றபின் என்ன செய்வது என்பதிலேதான் ஐயம். ஆதலின் வேறொரு பொருளை வேண்டிப் பெற்றோம். உயிரியல் துறையில் ஒருவர் கண்டறிந்த உண்மை, மக்கள் காசு கொடுத்து வாங்கிப் பயன்பெறும் பொருளாக மாறுவது எவ்வாறு, அம்மாற்றத்திற்குப் புதிதாகத் தோன்றும் சிறு நிறுவனங்களுக்கு யார் யார் எவ்வெவ்வாறு துணை நிற்கின்றனர் என்பதே அப்பொருள். நாம் வரலாறு பயின்று பட்டம் பெற்றவர். அறிவியல் ஆசிரியர் அல்லர். வரலாற்று ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்களாயின், அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

நம் விடுதியில் தங்கி, நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற ஒரு பெண், உயிர்வேதியியலில் முதுகலை வகுப்புக்குச் சென்றாள். பெயர் சொல்வதை அவள் விரும்பவில்லை. அவள் தன் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பாலில் யூரியா கலப்படம். கொள்ளிலும் தர்ப்பூசணி விதையிலும் யூரியேஸ் என்னும் நொதி இருக்கிறது. அந்நொதி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும். அம்மோனியா நிறங்காட்டியின் நிறத்தை மாற்றும். இதை ஒரு தாள் துண்டில் ஏற்றி, பாலில் தோய்த்தால் நிறம் மாறுமாறு செய்தாள். கல்லூரிக் கருத்தரங்கில் அதைப் படித்தாள். கருத்தரங்க மலரில் அது அச்சாயிற்று. அம்மலரை நம்மிடம் கொண்டுவந்து காட்டினாள். நாம் பெருமிதம் தாங்காமல், சென்ற ஆண்டு விழாவின்போது இதே மேடையில் அம்மலரை உயர்த்திப் பிடித்துக் காட்டினோம். நீங்களும் கைதட்டினீர்கள்.

பின்னர்தான் தெரிந்தது, அக்கைதட்டல் நேரத்துக்கு முந்தியது என்பது. காப்புரிமை பெற எண்ணி அவள் ஒரு முகவரை அணுகியபோது, அவர் அந்த மலரைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். புதுமை என்பது காப்புரிமையின் முதல் நிபந்தனை. தானே அச்சிட்டு ஊரறியச் செய்த ஒன்று, சட்டத்தின் கண்ணில் புதுமையை இழந்துவிடுகிறது. ஒருசில விதிவிலக்குகள் உண்டெனினும் அவை எல்லோருக்கும் பொருந்துவன அல்ல. மேலும், இதையொத்த சோதனைத் தாள்களைக் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆய்வு நிறுவனத்தார் முன்பே உருவாக்கியிருந்தனர். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம் என்பதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் எவரும் சொல்லவில்லை. சொல்லாதவர்களுள் நாமும் ஒருவர். தலைமையாசிரியர் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு, முதலில் விண்ணப்பம், பிறகு வெளியீடு என்னும் அரிச்சுவடியைக்கூட அறியாதிருந்தோம். அந்த வெட்கமே நம்மை இப்பொருளைக் கற்கத் தூண்டிற்று.

கற்கப் புகுந்தபோது நமக்கு முதலில் வியப்பளித்தது, கண்டுபிடிப்புக்கும் பொருளுக்கும் இடையே கிடக்கும் தொலைவு. பெனிசிலினை நாம் அனைவரும் அறிவோம். அலெக்சாண்டர் பிளெமிங் அதன் ஆற்றலைக் கண்டது 1928இல். பாடநூல் அத்துடன் முடிந்துவிடுகிறது. நாமும் அவ்வாறே கற்பித்தோம். ஆனால் ஆக்சுபோர்டில் புளோரி, செயின் முதலியோர் அதைப் பிரித்தெடுத்து ஒரு நோயாளிக்குச் செலுத்தியது 1941இல். அந்நோயாளி ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலர். மருந்து உள்ளே சென்றதும் தேறத் தொடங்கினார். கையிருப்பு தீர்ந்தது. அவரது சிறுநீரிலிருந்து மருந்தைத் திரும்பப் பிரித்தெடுத்துச் செலுத்திப் பார்த்தனர், அதுவும் போதவில்லை, அவர் இறந்தார். அறிவு இருந்தது, அளவு இல்லை. பின்னர் அமெரிக்காவில் பியோரியா நகரத்து அரசு ஆய்வுக்கூடத்தில், மக்காச்சோள மாவு ஆலையின் கழிவு நீரைத் தீனியாக்கிப் பூஞ்சையைப் பெருந்தொட்டிகளில் வளர்க்கும் வழி கண்ட பின்னரே அது மருந்துக் கடைக்கு வந்தது. கழிவு நீர் என்று தள்ளப்பட்டது பெனிசிலினுக்கு உணவாயிற்று என்பதை, வரலாறு கற்பிக்கும் நாம் இத்தனை ஆண்டுகளும் சொல்லாமல் விட்டோமே என்று வருந்துகிறோம்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் இன்று நாட்டில் உயிரியல் புத்தொழில்களுக்குக் கிடைக்கும் உதவி பலவற்றின் வேர் இக்கதைக்குள் இருக்கிறது.

பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்கிற்குப் பெருங்காரணமான ரோட்டா வைரசை 1973இல் ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். 1980களின் நடுவில், தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மகாராஜ் கிஷன் பான் என்னும் குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மருத்துவமனையில் பிறந்த சில சிசுக்களின் உடலில் இவ்வைரஸ் இருந்தது. ஆனால் அவர்களுக்கு நோய்க்குறி எதுவும் தோன்றவில்லை. அவ்வாறு தொற்றப் பெற்ற குழந்தைகள் பின்னாளில் கடும் வயிற்றுப்போக்கிலிருந்து பெரிதும் தப்பினர். அம்மைத் தழும்பு இருப்பவனை அம்மை மீண்டும் அண்டாது என்று நம் பாட்டிமார் சொல்வதை ஒத்த செய்திதான் இது. ஆனால் அம்மருத்துவர் அதைச் செய்தியாக விட்டுவிடவில்லை. அவ்வைரசுக்கு 116இ என்று பெயரிட்டுப் பாதுகாத்தனர். இயற்கையே அதை வலுக்குறைத்து வைத்திருந்தது. மனித வைரசும் மாட்டு வைரசும் தம்முள் மரபுக்கூறுகளை மாற்றிக்கொண்டதால் அமைந்த வகை அது.

இங்கே ஓர் ஆய்வுக் கட்டுரையோடு கதை முடிந்திருக்கலாம். நாட்டில் பல கதைகள் அவ்வாறுதான் முடிகின்றன. முடியாமற் போனதற்குக் காரணம், 1987இல் இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஏற்படுத்திய தடுப்பூசிச் செயல் திட்டம். அதன் வழியே இருநாட்டு அறிஞர்களும் கூடிப் பணியாற்றினர். அடுத்து, செய்து தருவோர் தேவைப்பட்டனர். 1998இல் இப்பணிக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்ட நிறுவனம் ஐதராபாத்தின் பாரத் பயோடெக். அன்று அது தோன்றி ஈராண்டே ஆகியிருந்த நிறுவனம். 1996இல் கிருஷ்ணா எல்லா, சுசித்ரா எல்லா இணையர் தொடங்கியது. கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிப் பகுதியில் உழவர் குடும்பத்தில் பிறந்து, வேளாண்மை கற்று, அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பியவர்.

நிறுவனம் கிடைத்துவிட்டது, இனி மருந்து வந்துவிடும் என்று எண்ணுவீர்கள். அடுத்த ஆண்டே ஓர் இடி விழுந்தது. அமெரிக்காவில் 1998இல் உரிமம் பெற்ற முதல் ரோட்டா தடுப்பு மருந்து, சில குழந்தைகளின் குடலில் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் கோளாற்றை உண்டாக்கியதாகத் தெரிந்ததால் 1999இல் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் உலகெங்கும் இத்தகைய மருந்துகளுக்கான சோதனைகள் கடுமையாயின. இந்தியாவில் சிறு சோதனைகள் படிப்படியாக நடந்து, 2011இல் தான் மூன்றாம் கட்டப் பெருஞ்சோதனை தொடங்கிற்று. தில்லி, புனே, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். வேலூரில் அதை நடத்தியது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. முதலாண்டில் கடும் நோயைத் தடுப்பதில் அம்மருந்து நூற்றுக்கு ஏறத்தாழ 56 பங்கு பயன் தந்தது. 2013இல் முடிவு அறிவிக்கப்பட்டது, 2014இல் உரிமம், 2015 மார்ச்சில் வெளியீடு, 2016இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் நான்கு மாநிலங்களில் சேர்ப்பு, 2018இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் தர ஏற்பு. தமிழ்நாட்டுத் திட்டத்தில் ரோட்டா தடுப்பு மருந்து சேர்ந்தது 2017இல். இக்கூட்டத்தில் மடியில் குழந்தையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்கள், ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அம்மருந்தைப் பெற்றிருப்பீர்கள்.

நூற்றுக்கு 56 தானா என்று ஒரு மாணவன் நம்மிடம் கேட்டான். தேர்வு மதிப்பெண்ணைப் போல் எண்ணிவிட்டான். கடும் வயிற்றுப்போக்கால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்த நூறு குழந்தைகளில் ஐம்பத்தாறு பேர் ஓடாமல் வீட்டில் இருந்தனர் என்று அதற்குப் பொருள். இரவில் பேருந்து இல்லாத சேரிகளில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அவ்வெண்ணின் எடை தெரியும். ஒரு தவணை ஒரு டாலர் அளவில் கொடுப்போம் என்று தொடக்கத்திலேயே வாக்களித்து, அவ்விலைக்கு ஏற்றவாறு உற்பத்தியை அமைத்ததும் இங்கே குறிப்பிடத்தக்கது. விலையைக் கடைசியில் ஒட்டும் சீட்டாகக் கருதாமல் முதலிலேயே வரைபடத்தில் எழுதிக்கொண்டனர். ஆயினும் அம்மருந்தின் முதல் வடிவத்தைக் கழியம் 20 பாகையில் உறைய வைத்துச் சேமிக்க வேண்டியிருந்தது. மின்சாரம் வந்து போகும் ஊர்களுக்கு இது தொல்லை. பின்னர், சாதாரணக் குளிர்பெட்டியின் 2 முதல் 8 பாகைக்குள் வைக்கத்தக்க வடிவத்தையும் உருவாக்கினர். உரிமம் பெற்ற பின்னும் பொருள் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

1985ஐ ஒட்டிக் கண்டது 2015இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகள். இம்முப்பது ஆண்டுகளின் வலியை உள்ளிருந்து அறிந்த பான் அவர்கள், 2004 முதல் 2012 வரை மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறைச் செயலராக இருந்தார். அவர் காலத்தில் 2005இல் சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கு உதவும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. 2012இல் பைராக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உயிரித் தொழில்நுட்பத் தொழில் ஆய்வு உதவிக் குழுமம் அரசு நிறுவனமாக அமைந்தது. தாம் நடந்த வழியில் கல்லும் முள்ளும் எங்கெங்கே கிடந்தன என்று அறிந்தவர், பின்வருவோருக்காக அவ்விடங்களில் கைப்பிடி நாட்டிச் சென்றார் எனலாம். 2020 சனவரியில் அவர் மறைந்தார். செய்தித்தாளில் அன்று நாம் அதைப் படித்திருக்கக்கூடும். யாரென்று அறியாமல் பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

அக்கைப்பிடிகள் எவை என்று பார்ப்போம். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருள் வேலை செய்கிறது என்று காட்டுவதற்குப் பல்கலைக்கழகப் பணம் கிடைக்கும். சந்தையில் விற்கத் தொடங்கிய பொருளுக்கு வங்கிக் கடன் கிடைக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலம் பாலை. மாதிரி செய்ய வேண்டும், நூறு முறை திரும்பச் செய்து ஒரே முடிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும், விலங்கிலும் மனிதரிலும் முறைப்படி சோதிக்க வேண்டும், அரசு உரிமம் பெற வேண்டும். இவ்வளவும் செலவு, ஒரு காசு வரவில்லை. பருத்தி வியாபாரியோ மளிகை வியாபாரியோ இவ்வளவு காலம் வரவின்றி இருக்கமாட்டார். பைராக்கின் ‘பிக்’ என்னும் முதல்நிலை மானியம் இந்தப் பாலையின் வாயிலில் நிற்கிறது. நல்லதொரு கருத்தை நிறுவிக் காட்ட 18 மாதங்களுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை தருகிறது. இது கடனன்று. நிறுவனம் இன்னும் பதிவாகாத தனியாளும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஓர் அடைகாப்பகத்தில் இடம்பெற்றாக வேண்டும்.

அடைகாப்பகம் என்ற சொல்லைக் கேட்டு மாணவர்கள் சிரிக்கின்றனர். வாத்து தன் முட்டையை ஒழுங்காக அடைகாக்காது என்பதால், நம் வீடுகளில் வாத்து முட்டையைக் கோழியின் கீழ் வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதுதான். தனியொருவன் வாங்க இயலாத விலையுயர்ந்த கருவிகள், குளிரறைகள், தூய்மை அறைகள் ஆகியவற்றைப் பலருக்கும் பொதுவாக வைத்து, வாடகைக்கு மேசை கொடுத்து, சட்டம் அறிந்தவரையும் கணக்கு அறிந்தவரையும் மருந்து விதிகள் அறிந்தவரையும் அருகிலேயே அமர்த்தும் இடம். பெங்களூரில் சி-கேம்ப், புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தை ஒட்டிய வென்ச்சர் சென்டர், ஐதராபாத்தில் ஐ.கே.பி. ஆகியவை பெயர் பெற்றவை. நம் மாநிலத்தில் தரமணியில் டைசல் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா, சிறுசேரியில் பெண் தொழில்முனைவோர்க்கென்றே அமைந்த பொன்விழா உயிரித் தொழில்நுட்பப் பூங்கா, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுப் பூங்கா ஆகியவை உள்ளன. இவற்றின் வாயிலில் காவலாளி நம்மை நிறுத்துவார் என்ற அச்சம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. அவ்வச்சம் ஆதாரமற்றது என்று நாம் சொல்லப் போவதில்லை. சென்ற மாதம் அந்தப் பெண்ணுடன் அத்தகைய ஓரிடத்திற்குச் சென்றபோது, நாம்கூட வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றோம். அவள்தான் முதலில் உள்ளே நடந்தாள்.

தாழ்த்தப்பட்டோர்க்கென்று தனியே உள்ள வழிகளையும் சொல்லிவிடுவோம். மத்திய அரசு 2015 சனவரியில் பட்டியல் சாதியினர்க்கான துணிகர முதலீட்டு நிதியைத் தொடங்கிற்று. 2020இல் அண்ணல் அம்பேத்கரின் பெயரால் சமூகப் புத்தாக்க, அடைகாப்புத் திட்டம் ஒன்றை அறிவித்து, அடைகாப்பகங்களில் உள்ள பட்டியல் சாதி இளைஞர்களின் நிறுவனங்களுக்கு மூன்றாண்டுகளில் 30 இலட்சம் ரூபாய் வரை தர ஏற்பாடு செய்தது. தமிழ்நாடு அரசு 2022–23ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினர் புத்தொழில் நிதிக்கு 30 கோடியும் அடுத்த ஆண்டு 50 கோடியும் ஒதுக்கியது. இவற்றில் ஒன்றைக் கவனமாக நினைவில் வையுங்கள். இவை மானியம் அல்ல. பணம் தருபவர் உங்கள் நிறுவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதுண்டு. கலப்பையும் மாடும் ஒருவருடையது, நிலம் மற்றொருவருடையது என்றால் விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்று ஏர் பூட்டும் முன் பேசுவதில்லையா? வாரத்துக்கு உழுது ஏமாந்த குடும்பங்களில் பிறந்த நாம், இப்பேச்சை முதலிலேயே, எழுத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

பங்கு என்று சொல்லும்போது, நம் உள்ளத்தை மிகவும் ஆட்கொண்ட மற்றொரு வரலாற்றையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பொதிகை மலையின் மேற்குச் சரிவில், கேரளப் பகுதியில், காணி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 1987 இறுதியில் புஷ்பாங்கதன் என்னும் தாவரவியலார் தலைமையில் ஆய்வாளர்கள் மலை ஏறினர். வழிகாட்டிச் சென்ற காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு கனியைத் தின்றுகொண்டே களைப்பின்றி நடந்தனர். பட்டம் பெற்றவர்கள் மூச்சு வாங்கினர். அது என்ன கனி என்று கேட்டபோது அவ்விளைஞர்கள் முதலில் சொல்ல மறுத்தனர். அது அவர்கள் குலத்து மறைச்செய்தி. பின்னர்ச் சொன்னார்கள். ஆரோக்கியப் பச்சை என்னும் செடி அது. திருவனந்தபுரத்தை அடுத்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தார் அச்செடியுடன் வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை ஆக்கினர். 1995இல் கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உற்பத்தி உரிமம் வழங்கினர். உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு உரிமைத் தொகை. அவற்றில் பாதி காணி மக்களுக்கு. 1997இல் அம்மக்கள் தமக்கென ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்து அப்பணத்தைப் பெற்றனர்.

அப்பொழுது பல்லுயிர்ச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அது வந்தது 2002இல். சட்டம் கட்டாயப்படுத்தாதபோதே பாதி கொடுத்தனர் என்பதால் உலகம் இதைப் பாராட்டியது. நாமும் பாராட்டுவோம். ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். காட்டில் வளரும் செடியைப் பறிப்பது, வளர்ப்பது பற்றி வனத்துறையோடு சிக்கல் எழுந்தது. செடி போதிய அளவு கிடைக்கவில்லை. உரிமக் காலத்திற்குப் பிறகு அம்மருந்து எதிர்பார்த்த அளவு தழைக்கவில்லை. கண்டுபிடிப்பு நல்லது, ஒப்பந்தமும் நேர்மையானது, மூலப்பொருள் வரும் வழியை மட்டும் யாரும் முன்கூட்டியே உறுதி செய்யவில்லை. அத்துடன் நம் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அறிவைக் கொடுத்த மக்களில் ஒருவர்கூட அந்த ஆய்வகத்தில் ஆய்வாளராகவோ, அந்த நிறுவனத்தில் இயக்குநராகவோ இல்லை. பாதி கிடைத்தது பெரிதுதான்; ஆனால் மேசைக்கு எந்தப் பக்கம் அமர்ந்து பெற்றார்கள்? நம் பாட்டிமார் ஊருக்கெல்லாம் மருத்துவச்சிகளாக இருந்தனர். மாட்டின் நோயும் மூலிகையின் பேரும் அவர்கள் நாவில் இருந்தன. அவர்கள் பேத்திமார் இப்போதுதான் மேசையின் மறுபக்கத்திற்கு வரத் தொடங்கியிருக்கின்றனர்.

இன்று நாட்டு மூலிகை, நுண்ணுயிர் முதலியவற்றை அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை வேண்டுவோர், தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் சட்டப்படி செய்ய வேண்டியவற்றைச் செய்துகொள்ள வேண்டும். அவ்வாணையத்தின் தலைமையகம் தில்லியில் இல்லை, சென்னையிலேயே இருக்கிறது. காப்புரிமைக்கு முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து, 12 மாதத்திற்குள் முழு விவரக்குறிப்பைத் தரலாம். காப்புக் காலம் 20 ஆண்டு. தனியாளுக்கும் புத்தொழில் நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பெருநிறுவனங்களுக்கு 8,000. முகவர்க்குரிய கூலியே பெருஞ்செலவு. மனித உடலில் பயன்படும் மருந்தோ கருவியோ ஆயின் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் விதிகளும் உண்டு. சோதனையில் பங்கேற்கும் ஏழை மக்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுவதும், தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தருவதும் 2019ஆம் ஆண்டு விதிகளில் உள்ளன. நாளை நம் பிள்ளைகள் சோதனை நடத்துவோராக இருக்கும்போது, முதலில் படிக்க வேண்டிய பக்கம் அது.

மீண்டும் அந்தப் பெண்ணிடம் வருவோம். காப்புரிமை கைவிட்டுப் போனபின் அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் நம்மிடம் வந்து, “ஐயா, இதை யார் வாங்குவார்கள் என்று கேட்கவே இல்லையே நான்” என்றாள். அடைகாப்பகங்களில் வல்லுநர்கள் முதல் நாள் கேட்கும் கேள்வியும் அதுவேயாம். இருவரும் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பால் கொள்முதல் நிலையத்திற்குச் சென்றோம். நம் இளமையில் நம் தெருப் பாலை வாங்க மறுத்த ஒரு நிலையத்தை அறிவோம். அதை இங்கே விரிக்க வேண்டாம். இன்று நம் தெருப் பெண்களும் அதே வரிசையில் நிற்கின்றனர். கணக்கர் அவளது தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். மூன்று நிமிடம் என்றாள். அவர் வரிசையைக் காட்டினார். நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தனர். “ஆளுக்கு மூன்று நிமிடமென்றால் மதியம் வரைக்கும் இவர்கள் இங்கேதான் நிற்க வேண்டும், பால் திரிந்துவிடும் அம்மா” என்றார். மற்றொன்றும் சொன்னார். பசும்பாலில் இயல்பாகவே சிறிது யூரியா உண்டு. நூறு மில்லி லிட்டரில் 70 மில்லிகிராம் வரை விதிகளே இடமளிக்கின்றன. அவள் தாள் அதற்கும் நிறம் மாறினால், கலப்படம் செய்யாத ஒரு விதவையின் பாலை அவர் திருப்பி அனுப்ப நேரிடும். யாருடைய பால் முதலில் திருப்பி அனுப்பப்படும் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

கல்லூரியில் எவரும் அவளிடம் கேட்காத இரண்டு கேள்விகளைப் பத்தாம் வகுப்பு மட்டும் படித்த அக்கணக்கர் பத்து நிமிடத்தில் கேட்டுவிட்டார். அவள் அன்று முதல் வேறு வகையில் முயல்கிறாள். ஒவ்வொருவர் பாலையும் சோதிக்காமல் கேன் கேனாகச் சோதிப்பது. இயல்பு அளவைத் தாண்டினால் மட்டுமே நிறம் மாறுமாறு நொதியின் அளவைச் சீராக்குவது. தாள் கோடை வெப்பத்தில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்ப்பது. நேரத்தை ஒரு நிமிடத்திற்குக் குறைத்திருக்கிறாள். நிறம் மாறும் எல்லை இன்னும் கைவசப்படவில்லை. பத்தில் மூன்று தாள் பொய் சொல்கிறது என்கிறாள். கணக்கர் இதுவரை ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்க நாள்தோறும் கால் லிட்டர் பால் கொடுக்கிறார். நொதியைத் தாளில் நிலைநிறுத்தும் முறையில் புதிதாக ஒன்று கண்டிருக்கிறாள் போலும். அதைப் பற்றி இம்முறை நம்மிடம்கூட முழுவதும் சொல்ல மறுத்துவிட்டாள். நாம் மிகவும் மகிழ்ந்தோம்.

சங்கத்தின் செயற்குழுவினரிடம் நாம் எழுத்து மூலம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். வெள்ளி விழா நிதியில் ஒரு சிறு பகுதியை, முதற்காப்புரிமை விண்ணப்பத்துக்கும் முகவர் கூலிக்கும், அடைகாப்பக நேர்காணலுக்குச் செல்லும் பயணச் செலவுக்கும் என ஒதுக்க வேண்டும் என்பது அது. செயற்குழு அடுத்த மாதம் முடிவு செய்யும். முடிவு எதுவாயினும், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சங்க நூலகத்தில் நாம் இருப்போம். அறிவியல் பட்டம் பெற்றுவிட்டு மருந்துக் கடையில் கணக்கெழுதும் தம்பிமார் நால்வர் நம் ஊரிலேயே இருக்கின்றனர். அவர்கள் அவசியம் வர வேண்டும். காப்புரிமை இணையதளத்தில் தேடும் முறையை அந்தப் பெண்ணே கற்றுத்தர இசைந்திருக்கிறாள். பைராக்கின் மானியத்துக்கு ஆண்டில் இருமுறை விண்ணப்பம் கோருகின்றனர். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத அஞ்சுவோர் தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள். நம் ஆங்கில ஆசிரியர் இருவர் மொழிபெயர்த்துத் தர ஒப்புக்கொண்டுள்ளனர். வரும்போது உங்கள் ஆய்வேட்டின் படி ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். அதற்குமுன் அதை யாரிடமும் அச்சிடக் கொடுத்துவிடாதீர்கள்.